பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் மூன்று வரி

பலமனேர் பஸ் நிலையத்தில் மார்கழி மாதத்து விடியற்காலை எப்படி இருக்கும் என்பது அங்கே நின்று பழகியவர்களுக்குத் தெரியும். மொகிலி மலைப்பாதை ஏறி மேட்டு நிலத்துக்கு வந்துவிட்டால், சித்தூரில் இல்லாத குளிர் இங்கே உண்டு. பத்தடி தூரத்தில் நிற்கும் பஸ் கண்ணுக்குத் தெரியாது. கிட்டப் போனாலும் பெயர்ப் பலகை தெலுங்கில் இருக்கும். புதிதாக வந்த நம்மவர்களுக்கு அது கோலம் போலத்தான் தோன்றும். அப்போது எங்கிருந்தோ ஒரு குரல், "சித்தூர், சித்தூர், திருப்பதி" என்று பனியைக் கிழித்துக்கொண்டு வரும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸைக் கண்டுபிடிக்கிறோம்.

இதை ஊருக்குக் கடிதமாக எழுதினால் ஒரு பக்கம் ஆகும். யாரும் எழுதுவதில்லை, இது ஒரு விஷயமா என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இதையே இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்:

பனி மூடிய பஸ் நிலையம்.
முதலில் வந்து சேர்ந்தது
கண்டக்டரின் குரல்.

மூன்றே வரிகள். எதுகை இல்லை, மோனை இல்லை, பெரிய கருத்து எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் காலை நேரம் அதில் தங்கிவிட்டது. ஜப்பானியர்கள் ஹைக்கூ என்று அழைக்கும் குறுங்கவிதையின் வேலை இவ்வளவுதான். நாள் முழுதும் உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கும், காரியாலயத்தில் ஃபைல் புரட்டும் குமாஸ்தாக்களுக்கும் இதைவிடத் தோதான கவிதை வேறு இல்லை என்பது என் எண்ணம். எழுத மேஜை வேண்டாம், ஓய்வு நாள் வேண்டாம். பஸ்ஸுக்கு நிற்கும் நேரமும், பழைய டிக்கெட்டின் முதுகும் போதும்.

வாழை மரத்தின் பெயர் கொண்டவர்

ஹைக்கூ என்றதும் மலை, அருவி, தவளை, துறவி என்றே பலரும் நினைக்கிறார்கள். நகரத்தில் புழுதி குடிக்கும் நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் அதை எழுதியவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் தயக்கம் போய்விடும்.

இந்தக் கவிதைக்குப் பெருமை சேர்த்த மட்சுவோ பாஷோ 1644 முதல் 1694 வரை வாழ்ந்தவர். இகா என்ற உள்நாட்டுப் பகுதியில் பிறந்த அவர் 1672-இல் எடோ நகரத்துக்குப் பிழைக்க வந்தார். அந்த எடோதான் இன்றைய டோக்கியோ. கவிதை சோறு போடாத காலத்தில், நகரத்துக் குடிநீர் வாய்க்கால் பணிகளில் சில ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார். நம் பாஷையில் சொன்னால் நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் உத்தியோகம். பிறகு 1680-இல் நகரத்தின் ஓரத்தில் ஒரு குடிசைக்குப் போனார். அதன் முன்னால் சீடர் ஒருவர் வாழைக் கன்று ஒன்றை நட்டுவைத்தார். ஜப்பான் மொழியில் 'பாஷோ' என்றால் வாழை. அந்த மரமே அவருக்குப் பெயர் ஆயிற்று. வீட்டு வாசலில் வாழை நிற்கும் நம்மவர்களுக்கு இவர் அந்நியர் இல்லை.

அவருக்குப் பின் வந்த கோபயாஷி இஸ்ஸாவின் கதை இன்னும் நெருக்கமானது. ஷினானோ என்ற மலைநாட்டில் 1763-இல் பிறந்த விவசாயி மகன் அவர். தாய் சிறு வயதிலேயே இறந்துவிட, சிற்றன்னையோடு ஒத்துப் போகாமல், பதினான்கு பதினைந்து வயதில் எடோவுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். அந்நாளில் ஷினானோ பகுதியிலிருந்து குளிர்காலத்தில் கூலி வேலைக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களை எடோ நகரத்தார் ஒரு பறவையின் பெயர் சொல்லிக் கேலி செய்வார்கள். நம் மைனாவின் இனத்தைச் சேர்ந்த, கூட்டமாக வந்து இரைச்சல் போடும் பறவை அது. இஸ்ஸா அந்தக் கேலியைத் துடைத்தெறிந்துவிட்டுப் பூவைப் பற்றி எழுதப் போகவில்லை. அந்தப் பட்டப் பெயரையும், அதைக் கேட்டபோது உடம்பில் ஏறிய குளிரையும் சேர்த்தே ஒரு கவிதை செய்தார்.

வேற்று ஊரில் நம் பேச்சைக் கேட்டு யாராவது சிரித்த அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை? இரு நூற்றாண்டுகளுக்கு முன்னால் கடல் கடந்த ஒரு தேசத்தில் ஒரு கூலிக்காரப் பையனுக்கும் அது நேர்ந்தது. அது இன்றும் படிக்கப்படுகிறது.

மனிதர்களைப் பற்றி எழுதினால் சென்ரியு

ஹைக்கூவுக்கு ஜப்பானில் கறாரான இலக்கணம் உண்டு. ஐந்து, ஏழு, ஐந்து என்று மொத்தம் பதினேழு ஒலியசைகள். பருவத்தைக் குறிக்கும் ஒரு சொல் வேண்டும். நடுவே ஓர் இடத்தில் நிறுத்தம் வேண்டும். இரண்டு காட்சிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவற்றின் உறவைப் படிப்பவரிடம் விட்டுவிட வேண்டும். முன்பு நீண்ட தொடர்கவிதையின் முதல் பகுதியாக இருந்ததைத் தனிக் கவிதையாக நிலைநிறுத்தி, ஹைக்கூ என்ற பெயரை வழக்கில் கொண்டுவந்தவர் மசவோகா ஷிகி. அவர் 1867-இல் பிறந்து 1902-இல் இறந்தவர்.

இதே பதினேழு அசையில் இயற்கையை விட்டுவிட்டு மனிதர்களின் நடத்தையைப் பாடினால் அதற்குப் பெயர் சென்ரியு. நகர வாழ்க்கைக்கென்றே பிறந்த கவிதை என்று இதைச் சொல்லலாம். எடோ நகரத்தின் அசகுசா வட்டாரத்தில் பேட்டைத் தலைவராக இருந்த கராய் சென்ரியு என்பவர் 1757 முதல் கவிதைப் போட்டிகள் நடத்தினார். அவர் ஒரு சிறு அடியைக் கொடுப்பார். அதற்குப் பொருந்த மக்கள் எழுதி அனுப்ப வேண்டும். கட்டணம் உண்டு, பரிசும் உண்டு. நம் பத்திரிகைகள் ஈற்றடி கொடுத்து வெண்பாப் போட்டி வைத்தனவே, தெலுங்கு அவதானங்களில் சமஸ்யா பூரணம் என்று ஓர் அடி கொடுத்துப் பாடச் சொல்கிறார்களே, அந்த ரகம். குவிந்த பாடல்களில் நல்லவை தேர்ந்தெடுக்கப்பட்டு 1765-இல் முதல் தொகுதி வெளிவந்தது. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாத நகரத்து ஜனங்கள்.

இந்த வழக்கம் பழங்கதையாகிவிடவில்லை. ஜப்பானில் தாய்-இச்சி ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1987-இல் மாதச் சம்பளக்காரர்களுக்கென்றே ஒரு சென்ரியுப் போட்டி தொடங்கியது. மேலதிகாரியின் கோபம், மனைவி கொடுக்கும் கைச்செலவுப் பணம், கடைசி ரயிலின் நெரிசல் ஆகியவற்றை எழுதி அங்கே குமாஸ்தாக்கள் நாட்டையே சிரிக்க வைத்தார்கள்.

நமக்கு மட்டும் விஷயம் இல்லையா?

'அமருங்கள்' என்றார் அதிகாரி.
அறையில் இருந்தது
ஒரே நாற்காலி.

சம்பள நாள்.
வரிசையில் எனக்கு முன்னே
கடன் கொடுத்தவர்.

இவற்றில் யாரையும் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னதோடு சரி. சிரிப்பும் கசப்பும் படிப்பவர் மனத்தில் தாமாகவே ஏற்படுகின்றன.

தமிழுக்கு வந்த வழி

நம் மொழிக்கு இந்தக் கவிதையை அறிமுகம் செய்துவைத்தவர் யார் என்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். மகாகவி பாரதியாரேதான். 1916 அக்டோபர் 16-இல் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் 'ஜப்பானியக் கவிதை' என்ற கட்டுரையை அவர் எழுதினார். ஜப்பானியக் கவிஞர் நோகுச்சியின் எழுத்தை எடுத்துக்காட்டி, அந்தக் கவிதையின் சொற்சிக்கனத்தைப் பாராட்டினார். அப்போது பாரதியார் புதுச்சேரியில் இருந்தார். பிரிட்டிஷ் அரசுக்குத் தப்பி 1908 முதல் 1918 வரை எல்லை கடந்து வாழ்ந்த காலம் அது. சொந்த மண்ணுக்குப் போக முடியாத ஒருவர், வேறொரு தேசத்தின் மூன்று வரிக் கவிதையைத் தமிழர்களுக்காகத் திறந்து வைத்தார்.

அதற்குப் பிறகு பல காலம் இது தமிழில் வேர் பிடிக்கவில்லை. பிடித்தபோது, அதில் பங்கு பெற்ற ஓர் ஊர் நமக்குத் தூரமில்லை. குப்பம் பக்கம் ஓடிவரும் பாலாறு தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் வாணியம்பாடி வருகிறதல்லவா? அங்கே இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். 1974-இல் வெளிவந்த அவரது 'பால்வீதி' தொகுப்பில், 'சிந்தர்' என்ற தலைப்பிட்டு ஹைக்கூ வகைக் கவிதைகளை எழுதினார். மூன்றடி வெண்பாவைச் சிந்தியல் வெண்பா என்பது நம் மரபு. புதிய விருந்தாளிக்குப் பழைய வீட்டிலேயே இடம் தேடிய பெயர் அது. 1999-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதை 'ஆலாபனை' நூலுக்காகப் பெற்ற அவர் 2017-இல் காலமானார்.

பிறகு 1984-இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' ஆகிய தொகுப்புகள் வந்தன. 1985-இல் ஈரோடு தமிழன்பனின் 'சூரியப் பிறைகள்' வந்தது. அதன் பின்னர் சிற்றூர் இளைஞர்கள், ஆசிரியர்கள், தொழிலாளர்கள் என்று எழுதுவோர் பெருகினர். துளிப்பா என்று தமிழ்ப் பெயரும் அமைந்தது.

நமக்குக் குறுங்கவிதை புதிதும் அல்ல. குறள் இரண்டே அடி. ஐங்குறுநூற்றுப் பாட்டுகள் மூன்றிலிருந்து ஆறு அடி. குறுந்தொகை நான்கிலிருந்து எட்டு அடி. மரம், பறவை, பொழுது ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, மனத்தில் உள்ளதைக் குறிப்பால் உணர்த்தியது நம் சங்கக் கவிதை. பிரிவின் வருத்தத்தை அந்தப் பாட்டுகளைப் போலப் பாடியவர்கள் குறைவு. பொருள் தேடப் பிரிந்து போகிறவனையும், வீட்டில் காத்திருப்பவளையும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாடிய மொழி நம்முடையது. பிரிந்து வந்தவர்களாகிய நாம் எழுதத் தயங்குவானேன்?

எழுதிப் பார்ப்போமா?

முதன்முதலில் எழுதுகிறவர் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்:

நகரமே! நரகமே!
இதயமில்லா இரும்புக் காடே!
ஏன் என்னை அழைத்தாய்?

எழுதும்போது மனம் ஆறும், தவறில்லை. ஆனால் படிக்கிறவருக்கு எதுவும் தெரியவில்லை. எந்த நகரம்? என்ன நடந்தது? இதைப் பலமனேரிலும் எழுதலாம், பம்பாயிலும் எழுதலாம். இந்தக் கோபத்துக்குக் காரணமான ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து அப்பா வந்தார். பத்துக்குப் பத்து அறை. உள்ளே வர அவர் கூச்சப்பட்டார். அதை மட்டும் எழுதுங்கள்:

ஒற்றை அறை.
ஊரிலிருந்து வந்த அப்பா
செருப்பு வைக்க இடம் தேடுகிறார்.

நரகம் என்ற சொல் இதில் இல்லை. இரும்புக் காடும் இல்லை. ஆனால் அறையின் அளவு, அப்பாவின் கூச்சம், மகனின் தவிப்பு எல்லாம் அந்தச் செருப்பைச் சுற்றி நிற்கின்றன. 'சோகம்', 'வறுமை', 'மனிதநேயம்' போன்ற பெரிய சொற்கள் வந்தால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் கையால் தொடக்கூடிய ஒரு பொருளை வைக்க வேண்டும். முதல் பாடம் இதுதான்.

இரண்டாவது பாடம், சாமர்த்தியத்தைக் குறைத்துக்கொள்வது. தமிழ் ஹைக்கூவில் அதிகம் காணப்படும் குறை, மூன்றாவது வரியில் வெடி வைப்பது. பலமனேர் மண்பாண்டத்துக்குப் பெயர் பெற்ற ஊர். சுடுமண் பொம்மைகளும் விளக்குகளும் வெளியூர்களுக்குப் போகின்றன. அதைப் பற்றி எழுதச் சொன்னால் உடனே இப்படி வரும்:

சூளையில் ஆயிரம் விளக்கு.
குயவர் வீட்டில் மட்டும்
இருட்டு.

கேட்டதும் 'ஆகா' என்று தோன்றும். ஆனால் எழுதியவர் குயவர் வீட்டுக்குப் போகவில்லை. வீட்டிலிருந்தே யோசித்துச் செய்தது. நெசவாளிக்குக் கந்தல், கொத்தனாருக்குக் குடிசை என்று இந்த அச்சில் நூறு கவிதை வார்க்கலாம். போய்ப் பார்த்தால்தான் இது கிடைக்கும்:

வெயிலில் காயும் அகல் விளக்குகள்.
ஒன்றில் மட்டும்
கோழியின் கால் தடம்.

இதில் ஏழ்மையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் களிமண் ஈரமாய் இருக்கிறது, முற்றம் இருக்கிறது, கோழியை விரட்ட ஓடிய ஒரு குழந்தைகூட இருக்கலாம். பார்த்தவர் எழுதியது என்பது தெரிகிறது.

மூன்றாவது, வெட்டிக் குறைப்பது. அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டு பாரிஸ் நகரத்தில் பாதாள ரயிலிலிருந்து இறங்கியபோது, கூட்டத்தில் சில முகங்களைக் கண்டு மனம் சிலிர்த்தார். முதலில் அதை முப்பது வரிக் கவிதையாக எழுதினார், பிடிக்கவில்லை, அழித்துவிட்டார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி அளவில் எழுதினார். அதற்கும் ஓராண்டு கழித்து, ஜப்பானிய முறையை மனத்தில் கொண்டு இரண்டே வரியில் முடித்தார். 1913-இல் வெளிவந்த அந்த இரண்டு வரிகள் ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றிய கவிதைகளில் ஒன்றாகப் பேசப்படுகின்றன. ஒரு ரயில் நிலையத்துக் கூட்ட நெரிசல்தான் அதற்குக் கரு.

பதினேழு அசைக் கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஜப்பானிய அசை வேறு, நம் நேரசை நிரையசை வேறு. அதை இதில் அளக்க முடியாது. மூச்சு விடாமல் சொல்லக்கூடிய மூன்று சிறு வரிகள் போதும் என்பதே தமிழில் நிலைத்த வழக்கம். பேச்சுத் தமிழில் எழுதலாமா என்று கேட்டால், தாராளமாக. பஸ், டீ, லாரி, சம்பளம், அட்வான்ஸ் எல்லாம் நம் வாயில் புழங்கும் சொற்களே.

ஊருக்கு ஒரு பருவம்

ஜப்பானியருக்குப் பருவச் சொல் முக்கியம் என்றோம். நகரத்தில் பருவம் ஏது என்பார்கள். உற்றுப் பார்த்தால் உண்டு. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். இந்தப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மார்கழியில் பனி. மாசி, பங்குனியில் புளி உலுக்குவது. கோடையில் திருப்பதி கங்கம்மா ஜாத்திரை. அதையொட்டி மாங்காய்ப் பருவம். சித்தூரைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ் ஆலைகளில் லாரிகள் வரிசை கட்டும் காலம், கூலிக்கு ஆள் தேடும் காலம். புரட்டாசியில் மலையப்பனின் பிரம்மோற்சவம். பஸ்ஸில் இடம் கிடைக்காத மாதம்.

தக்காளிக்கு மட்டும் தனிப் பருவம். அதன் பெயர் விலை. மதனப்பள்ளி, பலமனேர் வட்டாரத்தில் விளைந்த தக்காளி ஒரு வாரம் பொன்னாக விற்கும், மறு வாரம் வண்டிக் கூலிக்கும் கட்டாது. அப்போது சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போவதைக் கண்டிருக்கிறோம்.

தக்காளி விலை சரிந்த நாள்.
லாரி போன பின்னும்
சிவந்து கிடக்கும் சாலை.

ஊருக்குப் போய்த் திரும்புவதும் நமக்கு ஒரு பருவந்தான்:

விடுமுறை முடிந்தது.
அம்மா வைத்த ஊறுகாய் கசிந்து
சட்டையெல்லாம் ஊர் வாசம்.

பக்கத்து வீட்டில் நான்கு வரி

எல்லைப்புறத்தில் வாழ்வதில் ஒரு லாபம் உண்டு. பலமனேர் ஒரு காலத்தில் வடார்க்காடு மாவட்டத்தின் ஒரு வட்டம். 1911 ஏப்ரல் 1-இல் சித்தூர் மாவட்டம் தனியாக உருவானபோது அதனுடன் சேர்ந்தது. இங்கே பிறக்கும் கவுண்டின்ய ஆறு இன்றும் குடியாத்தத்துக்குத்தான் போகிறது. ஒரே டீக்கடையில் இரண்டு மொழியும் கலந்து கேட்கும் பூமி இது. ஆகையால் தெலுங்கில் என்ன நடக்கிறது என்பதும் நம் காதில் விழ வேண்டும்.

தெலுங்கில் கவிஞர் இஸ்மாயில் ஹைக்கூ எழுதிப் பெயர் பெற்றார். இன்னொருவர், பேராசிரியர் என். கோபி, 1997-இல் 'நானீலு' என்ற சொந்த வடிவத்தையே உண்டாக்கினார். நான்கு வரி, எல்லாம் சேர்த்து இருபதிலிருந்து இருபத்தைந்து எழுத்துக்குள் அடங்க வேண்டும். 'நா' என்றால் என்னுடையது, 'நீ' என்றால் உன்னுடையது. என்னுடையவும் உன்னுடையவும் ஆன கவிதைகள் என்று அதற்கு விளக்கம். நாளிதழில் தொடராக வந்து, அதைப் பார்த்து ஆந்திரம், தெலங்காணா எங்கும் பலர் எழுதத் தொடங்கினார்கள்.

பெயர்ப் பலகையைப் படிக்கும் அளவுக்குத் தெலுங்கு எழுத்து பழகிவிட்டவர்கள் ஒரு நானீயையும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்கலாம். உடன் வேலை செய்யும் தெலுங்கு நண்பரிடம் அர்த்தம் கேட்கலாம். பதிலுக்கு நம் மூன்று வரியைச் சொல்லலாம். கொடுக்கல் வாங்கல் நம் வீடுகளில் எப்படியும் நடக்கிறதுதானே:

உகாதிப் பச்சடி வந்த கிண்ணம்
சித்திரைப் பாயசத்தோடு
திரும்பிப் போகிறது.

எதற்காக எழுத வேண்டும்?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி நிற்கிறது. சம்பளம் போதவில்லை, வாடகை ஏறுகிறது, பிள்ளைகளின் ஃபீஸ் கட்ட வேண்டும். இதில் கவிதை எதற்கு?

ரிச்சர்டு ரைட் என்ற கறுப்பின எழுத்தாளரின் கடைசி நாட்கள் இதற்குப் பதில் சொல்லும். 1908-இல் அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புத் தேடி வடக்கே சிகாகோ வந்து, அங்கே தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் கடிதம் பிரித்தவர் அவர். பிறகு பெரிய நாவலாசிரியராகிப் பாரிஸில் குடியேறினார். 1960-இல் இறப்பதற்கு முன், நோயில் படுத்திருந்த மாதங்களில் ஏறக்குறைய நாலாயிரம் ஹைக்கூ எழுதினார். அவற்றில் 817-ஐத் தாமே தேர்ந்தெடுத்துவைத்தார். அவை நூலாக வந்தது 1998-இல்தான். நாவல் எழுத உடம்பில் தெம்பு இல்லாதபோதும் மூன்று வரி எழுதத் தெம்பு இருந்தது. பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவில்லை. ஆனால் அந்த மண்ணின் வயலும் மழையும் அவரது மூன்று வரிகளுக்குள் வந்தன.

நமக்கு நேரும் நஷ்டம் சத்தமில்லாத நஷ்டம். வந்து இருபது ஆண்டு ஆயிற்று என்போம். அந்த இருபது ஆண்டில் என்ன பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு நாள் மறு நாளைப் போல இருந்து, எல்லாம் ஒன்றாகக் கரைந்துவிடுகிறது. முன்பு ஊருக்கு எழுதிய கடிதங்களாவது இருந்தன. இப்போது போனில் "நல்லா இருக்கேன், நீங்க சாப்பிட்டீங்களா" என்பதோடு முடிகிறது. தமிழில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதுவும் எழுதாமல் மாதங்கள் ஓடுகின்றன. நம் கை மறந்தால், தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பாடம் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் காதோடு நின்றுவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று வரி எழுதுங்கள். கீழே தேதியும் இடமும் போடுங்கள். நன்றாக வர வேண்டும் என்பதில்லை. ஒரு மாதத்தில் இரண்டு நன்றாக வந்தாலே அதிகம். ஆண்டு முடிவில் புரட்டிப் பார்த்தால், அந்த நோட்டில் உங்கள் முந்நூறு நாட்கள் உயிரோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வாரம் பார்த்த ஒன்றை மூன்று வரியில் சொல்லச் சொல்லுங்கள். இலக்கணப் பாடம் என்றால் ஓடுவார்கள். இது விடுகதை மாதிரி, நிற்பார்கள். அவர்கள் சொன்னதைத் தமிழ் எழுத்தில் அவர்களையே எழுதவிடுங்கள். மூன்று வரியில் எத்தனை பிழை வந்துவிடப் போகிறது?

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்துக் காலை ஒன்றில், ஒரு பள்ளியின் வாசலில் சற்று நேரம் நின்றேன். புதிதாகச் சேர்ந்த குழந்தைகள். வீட்டில் தமிழ் பேசுகிற குழந்தைகள், தெலுங்கு பேசுகிற குழந்தைகள், உருது பேசுகிற குழந்தைகள். கதவு சாத்தியதும் ஒரே அழுகை. அன்று பழைய டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டது இது:

தெலுங்குப் பள்ளியில் முதல் நாள்.
அழுகிற பிள்ளைகள் எல்லாம்
'அம்மா' என்றே.

இன்று மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது நீங்களும் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். டிக்கெட் இருக்கும்.